கெட்டும் ஒட்டகச்சிவிங்கியும்

ஓர் ஆங்கிலத் தமிழ் அகராதியில் ‘ஜிராஃப்’ என்ற சொல் குடியிருந்தது. அதற்கு ஒரே அர்த்தம், ஒட்டகச்சிவிங்கி. பக்கத்தில் சின்னதாக ஒரு படம். அடுத்த தெருவிலிருந்த ‘கெட்’ (get) என்ற சொல்லுக்கோ இரண்டு பக்கம் நிறைய அர்த்தம். அதைப் பார்த்துப் பார்த்து ஜிராஃபுக்கு வயிறு எரிந்தது.

“பஸ்ல ஏறினாலும் உன்னைத்தான் கூப்பிடுறாங்க, இறங்கினாலும் உன்னைத்தான். கோபம் வந்தாலும் நீ, கல்யாணம் ஆனாலும் நீ. என்னை யார் கூப்பிடுறாங்க? அடுத்த பதிப்புல என்னைத் தூக்கிடப் போறாங்க” என்று புலம்பியது.

கெட் அப்போதுதான் வேலை முடிந்து திரும்பியிருந்தது.

“உன் பக்கத்து ஓரத்தைப் பாரு, பிள்ளைங்க விரல் பட்டு அழுக்கேறிக் கிடக்கு. உன்னைப் பார்க்கத்தான் இந்த அகராதியையே திறக்கிறாங்க. என் பக்கம் அச்சடிச்ச அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. ஊருக்கெல்லாம் உழைக்கிறேன், நீ யாருன்னு ஒருத்தரும் என்னைத் தேடி வந்ததில்லை.”

ஜிராஃபுக்கு மனசு கேட்கவில்லை. “இப்படி வந்து என் படத்து நிழல்ல கொஞ்ச நேரம் படுத்துக்கோ” என்றது.

கெட் காலை நீட்டிப் படுத்தது. கண் செருகும் நேரம் பார்த்து, பக்கத்து அறையில் ஓர் அம்மா மகனை எழுப்பினாள். “கெட் அப், மணி எட்டாச்சு.”

மகன் புரண்டு படுத்தான். கெட் எழுந்து போனது.