தொட்டுக் காட்டுங்க சார்!

"கையெழுத்து போடுங்க மேடம். இல்லைன்னா கோர்ட்டுல பார்த்துக்கலாம்" என்றார் பெரிய கம்பெனியின் வக்கீல்.

நூலகத் தலைவியின் அறையில், மேசைக்கடியில் கணவர் அவள் காலை மிதித்தார். போட்டுத் தொலையேன் என்று அர்த்தம். அவள் அசையவில்லை.

கணினியையே ஓட்டுகிற ஆதார மென்பொருள் அவள் எழுதியது. ஊரின் நூலகங்கள் அத்தனையிலும் அதுதான் ஓடியது. பெரிய கம்பெனி சும்மா இருக்குமா? 'அதற்குள் எங்கள் காப்புரிமைகள் இருக்கின்றன, ஒவ்வொரு கணினிக்கும் உரிமக் கட்டணம் கட்டு' என்று ஆள் அனுப்பிவிட்டது. நூலகத் தலைவியையும் மிரட்டி வைத்திருந்தது.

"வழக்குன்னு வந்தா என்னால தாங்க முடியாதும்மா. அவங்க சிஸ்டத்துக்கே மாறிடுவோம்" என்று தலைவி கையைப் பிசைந்தார். அவர் மாறினால் புருஷன் பெண்டாட்டி இருவரும் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

"எதைத் திருடினேன்னு சொல்லுங்க சார். பிடுங்கிப் போட்டுட்டு வேற எழுதிக்கறேன்."

"அந்த விவரமெல்லாம் ரகசியம்."

"திருட்டுப் பட்டம் மட்டும் ஊரறியக் கட்டுவீங்களா? என்ன களவு போச்சுன்னே சொல்லாத புகாரை எந்த ஸ்டேஷன்ல வாங்குவாங்க?"

தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீலுக்குச் சுருக்கென்றது.

"வெளியே ஹால்ல வாசகர்கள் புத்தகம் தேடற கம்ப்யூட்டர் இருக்கு. என் சிஸ்டம்தான்" என்று எழுந்தாள் அவள். "ஆம்பளையா லட்சணமா வந்து தொட்டுக் காட்டுங்க."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாளே! கணவர் அவள் பின்னாலேயே ஓடினார்.

வக்கீலோடு வந்திருந்த இன்ஜினீயர் பளபளவென்றிருந்த திரையின் முன் உட்கார்ந்தார். தட்டத் தட்ட அவர் முகம் மலர்ந்தது.

"முதல் எழுத்தை அடிச்சா மீதியைத் தானா காட்டுதே, இது எங்களோடது. கரன்ட் போய் வந்தாலும் விட்ட இடத்துலேருந்து திறக்குதே, இதுவும்தான்."

"நல்லாப் பாருங்க. கொஞ்சம் வேற மாதிரி இருக்கப் போகுது."

"அச்சு அசல் எங்க காப்புரிமைல இருக்கறதேதான். மயிரிழை வித்தியாசம் இல்லை."

"எழுதித் தருவீங்களா?"

"தாராளமா!" என்றார் வக்கீல். எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு நீட்டினார்கள். படித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

போச்சு, தன் கையாலேயே தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டாள் என்று கணவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். வரவு செலவு தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது.

அவள் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்தாள். "இந்தக் காப்புரிமைக்கு நீங்க எப்போ விண்ணப்பிச்சீங்க சார்?"

"பத்து வருஷம் ஆச்சு. அதனாலதான் சொல்றேன், நீங்க தப்பிக்கவே முடியாது."

அவள் தலைவியைப் பார்த்தாள். "இந்தக் கம்ப்யூட்டர் எப்போம்மா வந்தது?"

"திரையும் கீபோர்டும்தான் போன மாசம் மாத்தினோம்" என்றார் தலைவி. "உள்ளே ஓடறது இந்த ஹாலைத் திறந்த அன்னைக்கு நீ போட்டுக் கொடுத்ததாச்சே! உனக்கு அப்போ கல்யாணம்கூட ஆகலை. அதுக்கப்புறம் அதை யாருமே தொடலை." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, சுவரில் பதித்திருந்த திறப்பு விழாக் கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

எல்லோரும் பார்த்தார்கள். கல்லில் இருந்த தேதிக்குப் பதினாறு வயது.

"ஊரே ஆறு வருஷம் புழங்கின பிறகு நீங்க 'புதுசா கண்டுபிடிச்சிருக்கீங்க'. அந்தக் காப்புரிமை செல்லுமா சார்?" என்று அவள் வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். "வாங்க, கோர்ட்டுலயே பார்த்துக்கலாம். எனக்குச் சாட்சிக் கையெழுத்துதான் நீங்க ரெண்டு பேரும் போட்டுட்டீங்களே!"