தோசைக்கரண்டிப் பேய்

புதிய திகில் காமிக்ஸ்களுக்கு விமர்சனம் எழுதுவதுதான் பூங்கோதைக்குப் பிழைப்பு. முதலில் பிரிக்கிறவர் எதற்கு நடுங்குவாரோ, அதையே பேயாக வரைந்துகொள்ளும் இதழ்கள் அவை. அவளுக்கு எப்போதும் பாழுங்கிணறுதான் வரும். இந்த முறை என்னவோ, பச்சை நைட்டியும் அள்ளி முடிந்த கூந்தலுமாக ஒரு பெண், பழுக்கக் காய்ந்த தோசைக்கரண்டியோடு வந்தாள்.

“இதுக்கெல்லாம் யாரு பயப்படுவா?” என்று சிரித்தபடியே, ‘பேய் எடுபடவில்லை’ என்று எழுதினாள்.

கடைசிப் பக்கத்தில் கரண்டியின் கைப்பிடி பெரிதாகத் தெரிந்தது. உடைந்த இடத்தில் செம்புக்கம்பி சுற்றியிருந்தது. அவளே சுற்றிய கம்பி.

“மித்ரா, இந்தப் புக்க நீ பிரிச்சியா?”

ஆறு வயது மகள் வந்து நின்றாள்.

“தெரியாம பிரிச்சிட்டேம்மா.”

வலது கைப் புண் இன்னும் ஆறாததால், கண்களை இறுக மூடிக்கொண்டு, தானாகவே இடது கையை நீட்டினாள்.