சுவருக்குத் தொந்தி

“இடிச்சுத்தான் ஆகணும். சுவருக்குத் தொந்தி விழுந்திருக்கு!”

சொல்லிவிட்டுக் கொத்தனார் கரண்டியை மணலில் குத்தி நிறுத்தினார். இரண்டு மாதம் கழித்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். வந்ததும் வராததுமாக வம்பு. நேர் பார்க்கும் குண்டுநூல் பிடிக்காமல், இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தே சுவரின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பேர்.

இன்ஜினியரம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டடத்துக்கு அவள் வந்தே ஒரு வாரம்தான். மறுநாள் காலை கூரைக்குக் கான்கிரீட் போடவேண்டும். பலகை அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயாராக இருந்தது.

“கொத்தனாரே, உங்க வலக்கண்ணுக்கு நேரா இருக்கறதெல்லாம் நெளிஞ்சு தெரியும்னு சொன்னாங்களே. அதை வெச்சுக்கிட்டா நல்ல சுவரைக் குத்தம் சொல்றீங்க?”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!” என்று சாரத்தின் மேலிருந்து ஒரு குரல் வந்தது. சித்தாள்கள் சிரித்தார்கள்.

கொத்தனாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

“அது பழைய கதைம்மா. கண்ணுக்குள்ள வேண்டாத ரத்தக்குழாய் முளைச்சு ஒழுகிச்சு. கையில மருந்து ஏத்தினாங்க. அது கண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததும் லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சினாங்க. வெளிச்சம் பட்ட எடத்துல மட்டும் மருந்து முழிச்சுக்கிட்டு, ஒழுகற குழாயை அடைச்சிடுமாம். சுவரை உடைக்காமலே குழாய் ரிப்பேர்! வெயில் படக்கூடாதுன்னு அஞ்சு நாள் ஜன்னலைச் சாத்திக்கிட்டுக் கிடந்தேன். இப்ப எறும்பு கொட்டாவி விட்டாக்கூடத் தெரியுது.”

“விடுங்க மாமா.” மச்சினன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். அவனும் அதே கட்டடத்தில் கொத்தனார்தான்; மீசை நரைத்த ஆள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. “பூச்சுல சரி பண்ணிக்கலாம். எதுக்கு வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கணும்?”

“பூச்சு போட்டா தொந்தி மறையும், போகாது. நாளைக்குக் கூரையோட பாரம் ஏறினா தாங்குமா? கீழே குடும்பம் குடியிருக்கப் போவுது. எடு குண்டுநூலை.”

“நூல் அறுந்துபோச்சு மாமா.”

“காலையில நல்லா இருந்துதே?”

“அப்புறம் அறுந்துபோச்சு.” மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள் என்பது நன்றாகவே தெரிந்தது.

இன்ஜினியரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இதோ பாருங்க, அளந்தே பார்த்துடலாம். சுவர் சரியா இருந்தா, நாளையிலேர்ந்து நீங்க இந்தப் பக்கமே வரக்கூடாது.”

“சரி. கோணலா இருந்தா?”

“இடிச்சுடலாம். கட்டின ஆள் இந்தப் பக்கம் வரக்கூடாது.”

“அப்படிச் சொல்லுங்க!”

“மாமா!” மச்சினனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. “வயித்துல அடிக்காதீங்க. அக்காவை நினைச்சாவது பேசாம இருங்க.”

கொத்தனார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தன் பையிலிருந்து குண்டுநூலை எடுத்தார், சாரத்தில் ஏறினார், சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். ஆடிக்கொண்டிருந்த குண்டு மெல்ல நின்றது. நூலுக்கும் சுவருக்கும் மேலே இரண்டு விரல் இடைவெளி. நடுவில் ஒரு காகிதம்கூட நுழையாது.

இன்ஜினியரம்மா குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தவர்கள் எல்லாம் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“யார் கட்டின சுவர் இது?”

“நான்தாம்மா.” மச்சினன் தலையைக் குனிந்தபடி முன்னால் வந்தான்.

சாரத்திலிருந்து இறங்கிய கொத்தனார் அவன் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

“எனக்காகப் பொய் சொல்றான்மா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் என் கையால நான் கட்டின சுவர் இது. அன்னிக்கு இந்தக் கண்ணுக்கு இது நேரா தெரிஞ்சுது, இன்னிக்குக் கோணலா தெரியுது. இப்ப சொல்லுங்க, என் கண்ணுல கோளாறு இருக்கா?”