அந்தப் பக்கம் யார்?

அரியலூர் பஸ்ஸில் வேறு சீட் காலியில்லாமல்தான் அந்த ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரம்பலூரில் காதில் வைத்த போனை பேரளி தாண்டியும் எடுக்கவில்லை. "ம்... ம்..." என்றாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தேன். போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கேமரா தாடைப் பக்கம் இருந்தது. யாரை ஏமாற்றப் பார்க்கிறார்?

கண்டக்டரும் கவனித்துவிட்டார். என் பக்கம் குனிந்து, "அண்ணே, ஆளு சரியில்ல. பையை இறுக்கிப் புடிச்சுக்குங்க" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போதுதான் அவர் காதிலிருந்த போன் அலறியது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"சொல்லுடா... பொம்பளப் புள்ளயா! மருமக நல்லாருக்கா?" என்று சீட்டைவிட்டு எழுந்தேவிட்டார்.

அவர் பேசி முடிப்பதற்குள் இன்னொரு போன் அடித்தது. பெரம்பலூரிலிருந்தே நான் காதில் வைத்துக்கொண்டிருந்த என் போன்.

"நமக்குப் பேத்தி பொறந்திருக்கு. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றாள் என் மனைவி.

கல்யாணப் பந்தியில் சண்டை போட்ட நாளிலிருந்து என்னோடு பேசாத சம்பந்தி, இப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார்.

"ஏன் சம்பந்தி, உங்களுக்கும் அந்தப் பக்கம் யாரும் இல்லியா?"