ஆறாவது ஜன்னல்

ஓய்வுபெற்று ஒன்பது வருடம் கழித்து, முதியோர் சலுகையில் தேவசகாயம் நிலவுக்குப் போனார். அங்கே இருபது வருடம் அவர் வேலை பார்த்த பனிச்சுரங்கத்தில் இப்போது மனிதர்கள் இல்லை. அவர் இடத்தில் ஓர் இயந்திரம் நடந்துகொண்டிருந்தது. ஆறாவது ஜன்னலருகே நின்று, கையைத் தூக்கி இரண்டு முறை அசைத்தது.

"கண்ணாடி துடைக்குது சார்," என்றாள் வழிகாட்டிப் பெண். "கடைசியா இருந்த ஆபரேட்டரப் பாத்துக் கத்துக்கிட்டதாம்."

அந்த ஜன்னலில் பூமி தெரியும். ஷிப்ட் முடிந்ததும், தூத்துக்குடியில் மொட்டைமாடி ஏறி நிற்கும் மனைவி பிலோமினாவுக்கு அவர் தினமும் கையசைப்பார். அவளுக்குத் தெரியவா போகிறது என்று கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள்.

"நல்லாத் துடைக்குதும்மா," என்றார்.

ஊர் திரும்பியபின் வந்த பௌர்ணமியன்று, பிலோமினா உயிரோடு இருந்தவரை நின்ற அதே மொட்டைமாடியில் நின்று, நிலவைப் பார்த்துப் பதிலுக்குக் கையசைத்தார்.