இறங்கி வந்த சவுண்டல்

தெய்வானையின் தோட்டத்து வேலியோரமாக, தீவனத்துக்கும் விறகுக்குமென்று ஒரு சின்னத் தோப்பு வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே முழங்கால் உயரம் நின்ற சவுண்டல் மரக்கன்றைக் கண்டதும் புள்ளிச்சி என்கிற வெள்ளாட்டுக்கு எச்சில் ஊறிவிட்டது. அவள் வாயை வைக்கப் போனதும் கன்று பதறியது.

"அக்கா, அக்கா! இப்பத் தின்னா ஒரு வாய்தான். என்னை வளர விடுங்க. பெரிய மரமானதும் உங்க வயிறு வாடவே விடமாட்டேன்."

பேச்சு நியாயமாகத்தான் பட்டது. புள்ளிச்சி விட்டுவிட்டாள். மற்ற ஆடுகள் கிட்டே வந்தால்கூட முட்டித் துரத்தினாள்.

மழைகள் வந்து போயின. சவுண்டல் தென்னையோடு தலைக்குத் தலை நின்றது. அப்புறம் வந்த கோடையில் மேய்ச்சலுக்கு ஒரு புல் இல்லை. விலா எலும்பு தெரிய, புள்ளிச்சி மரத்தடியில் வந்து நின்றாள்.

"தம்பி, நான்தான் புள்ளிச்சி. பசிக்குதுப்பா."

"குனியணும்னு எனக்கும் ஆசைதான் அக்கா. மேலே வந்தப்புறம் முதுகு வளையமாட்டேங்குது" என்றது மரம்.

முன்னங்கால்களை மரத்தில் ஊன்றி அவள் ஒரு இலைக்குத் தவித்ததைத் தெய்வானை பார்த்துவிட்டாள். மறுநாள் அரிவாளோடு வந்து, இடுப்பளவு விட்டு மரத்தை வெட்டிச் சாய்த்தாள். தழையெல்லாம் ஆட்டின் முன்னால் குவிந்தது.

அது தீரும் முன்பே வெட்டிய இடத்தில் புதுத்தளிர்கள் புசுபுசுவென்று கிளம்பின. புள்ளிச்சி கழுத்தை நீட்டாமலே எட்டின.

"பார்த்தீங்களா அக்கா, உங்களுக்காகத்தான் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கேன்" என்றது சவுண்டல்.

புள்ளிச்சி தலையை மட்டும் ஆட்டினாள். வாய் நிறையத் தழை இருந்தது.