ஒண்ணாம் நம்பர் மைக்

இடது பக்கம் சத்தமே வரவில்லை.

அறிவரசன் ஹெட்போனைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டிப் பார்த்தான். வலது பக்கம் கணீரென்று இருந்தது. இடது பக்கம் கிணற்றில் போட்ட கல்.

காலையில்தான் புது கன்வெர்ட்டர் பெட்டியை அட்டையிலிருந்து பிரித்திருந்தான். மைக்கில் வருகிற குரலைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற கணக்காக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. ஒரு செங்கல் அளவுகூட இல்லை.

பெரம்பலூரில் அவன் ஸ்டுடியோ ஆரம்பித்த நாளிலிருந்து, எதைப் பதிந்தாலும் பின்னால் ஈ பறக்கிற மாதிரி ஓர் இரைச்சல் கூடவே வரும். ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு அது போதும். ஆட்டோவில் கட்டிய குழாயில் யார் அதையெல்லாம் கேட்கப் போகிறார்கள்? பாட்டுக்கு ஆகாது. நாளைக்குச் செந்துறையிலிருந்து மருதாயியும் அவள் கூட்டமும் கும்மிப் பாட்டு பதிய வருகிறார்கள். இந்த ஸ்டுடியோவின் பேர் போட்டு வெளிவரப்போகிற முதல் சி.டி.

அதற்காகத்தான் ஆகிப்பிடம் சொல்லி துபாயிலிருந்து வரவழைத்தான். லெப்பைக்குடிக்காட்டுப் பையன். லீவில் வரும்போது பெட்டியைக் கைலிக்குள் சுற்றி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்த்திருந்தான்.

கண்ணாடிக்கு அந்தப்புறம், பாடுகிற அறையில், அவன் மனைவி மணிமொழி நின்றாள். அவளுக்கு முன்னால் இரண்டு மைக். ஒண்ணாம் நம்பர் இடது பக்கத்துக்கு, ரெண்டாம் நம்பர் வலது பக்கத்துக்கு. அவன் கை காட்டினால் அவள் ஒவ்வொன்றிலும் குனிந்து அதன் நம்பரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கை காட்டினான்.

அவள் உதடு "ஒண்ணு" என்று அசைந்தது. திரையில் பச்சைக் கோடு எழும்பித் தணிந்தது. காதில் ஒன்றுமில்லை.

"ரெண்டு" மட்டும் பிசிறில்லாமல் வந்து விழுந்தது.

கேபிளை மாற்றினான். மைக்கை மாற்றினான். வேறு ஹெட்போன் செருகினான். பெட்டியோடு வந்த சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றி, செட்டிங்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். தலைகீழாக நின்று பார்த்தும் பலனில்லை.

திரையில் சத்தம் ஏறுகிறது, காதுக்கு வந்து சேரவில்லை என்றால் பெட்டியில்தான் கோளாறு. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அறிவரசனுக்குப் பாம்புச் செவி என்று ஊருக்குள் பேர். பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டே, உள்ளே நாதஸ்வரத்தில் சீவாளி பிளந்திருக்கிறது என்று சொன்னவன்.

"ஒண்ணு" சொல்லிச் சொல்லி மணிமொழியின் முகம் வாடிப் போயிருந்தது. பசியாக இருக்கும் என்று நினைத்தான்.

ஆத்திரம் தாங்காமல் ஆகிப்புக்குப் போன் போட்டான். "தம்பி, கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான். ஒரு பக்கம் செத்த பெட்டிய உன் தலையில கட்டிட்டான்."

ஆகிப் பைக்கை விரட்டிக்கொண்டு வந்தான். தன் மேல்தான் தப்பு என்பது போல முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

அறிவரசன் கை காட்டினான். மணிமொழி இந்தத் தடவை கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் குனிந்தாள்.

"ரெண்டு பக்கமும் கேக்குதேண்ணே."

"நல்லாக் கேளு. ஒண்ணாம் நம்பரு?"

"கேக்குதுண்ணே. அக்கா மூச்சு விடுறதுகூடக் கேக்குது."

வெடுக்கென்று பிடுங்கித் தன் தலையில் மாட்டினான். கை காட்டினான். "ரெண்டு" மட்டும் கேட்டது.

ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. ஹெட்போனை இடம் வலம் மாற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு, மறுபடியும் கை காட்டினான்.

"ஒண்ணு."

வலது காதில், துடைத்து வைத்தது போல, மணிமொழியின் குரல். அடுத்ததாக அவள் ரெண்டாம் நம்பரில் குனிந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

இடது பக்கத்து மூடியை மெதுவாக நகர்த்தி, காதோரம் விரலைத் தேய்த்தான். சொடுக்குப் போட்டான். உள்ளங்கையால் ஓங்கித் தட்டினான். அடி வலித்தது. சத்தம் இல்லை.

போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பான். ஸ்பீக்கரில் கேட்கிறவனுக்கு ஒரு காதே போதும். எப்போது போயிற்று? போன மாசமா, போன வருசமா? கூப்பிட்டால்கூடத் திரும்புவதில்லை, அறிவுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு என்று டீக்கடை பஞ்சநாதன் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தது ஞாபகம் வந்தது. அப்போது அவனோடு சண்டைக்குப் போயிருந்தான்.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான்.

என்ன ஆச்சு என்று மணிமொழி சைகையில் கேட்கவில்லை. ஓடி வரவும் இல்லை. திருப்பி மாட்டிய ஹெட்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் கை காட்டாமலேயே, ஒண்ணாம் நம்பர் மைக்கில் குனிந்தாள்.

"ஏங்க... தெரிஞ்சுபோச்சா?"

இரைச்சல் துளிகூட இல்லை. மூச்சு உடைவதும் எச்சில் விழுங்குவதும்கூடத் தனித்தனியாகக் கேட்டது.

"சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். தைரியம் வரலங்க."

அவன் தோளில் ஒரு கை விழுந்த பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினான். இடது பக்கம் நின்ற ஆகிப் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

"அக்கா என்னண்ணே சொல்றாங்க?"

அறிவரசன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"பொட்டி நல்லாத்தான் இருக்குதாம் தம்பி."